திமிங்கிலத்தைப் பார்த்தவர் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்?

அரும்பொருளகக் கண்காட்சிகள் நம் மனத்தையும் பழக்கத்தையும் மாற்றுகின்றனவா? ஆய்வாளர்கள் அதை எப்படி அளக்கிறார்கள்?

கென்ட் ரிட்ஜில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். அங்கு போய் வந்தவர்கள் ஒரு காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். 10.6 மீட்டர் நீளமுள்ள ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒன்றின் எலும்புக்கூடு, ஆழ்கடலை நோக்கிப் பாயும் நிலையில் அமைக்கப்பட்டிருக்கும்.

அந்தத் திமிங்கிலம் 2015 ஜூலை 10ஆம் தேதி ஜூரோங் தீவை ஒட்டிய கடலில் இறந்து மிதந்தது. நாட்டின் பொன்விழா ஆண்டில் கிடைத்ததால் அதற்கு 'ஜூபி லீ' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அதன் முதுகில் பெரிய காயம் இருந்தது. கப்பல் ஒன்று மோதியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது, அது விழுங்கிய கணவாய்களின் கடினமான அலகுகள் ஆயிரத்துக்கும் அதிகமாகக் கிடைத்தன. அவற்றோடு பிளாஸ்டிக் குப்பையும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை உங்கள் பத்து வயது மகளை அழைத்துக்கொண்டு நீங்கள் அங்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவள் எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்க்கிறாள். பிளாஸ்டிக் பற்றிய கதையைக் கேட்கிறாள். "இனிமேல் நாம பிளாஸ்டிக் பையே வாங்கக்கூடாதும்மா" என்கிறாள். நீங்களும் மனமாரத் தலையசைக்கிறீர்கள். வாசலில் ஒருவர் கேள்வித்தாளை நீட்டி, "இக்கண்காட்சி உங்கள் மனத்தை மாற்றியதா?" என்று கேட்டால், "நிச்சயமாக" என்று எழுதிக் கொடுப்பீர்கள்.

அடுத்த சனிக்கிழமை பேரங்காடியில் உங்கள் கையில் துணிப்பை இருக்குமா?

கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு நம்பகமான பதில் கண்டுபிடிப்பது, அறிவியலின் கடினமான வேலைகளில் ஒன்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக ஆய்வாளர்கள் அதோடு போராடி வருகிறார்கள்.

ஏன் அளக்க வேண்டும்?

கண்காட்சி பிடித்திருந்தால் போதாதா, அதற்கு மேல் எதற்கு ஆராய்ச்சி என்று நீங்கள் நினைக்கலாம். வெறும் பொழுதுபோக்கு என்றால் போதும்தான். ஆனால் இன்றைய அரும்பொருளகங்களும் விலங்குத் தோட்டங்களும் மீன்காட்சியகங்களும் அதற்கு மேல் வாக்குறுதி தருகின்றன. 'எங்களிடம் வந்து போனவர் இயற்கையை நேசிப்பார், கடலைக் காப்பார், மற்ற இனத்தவரைப் புரிந்துகொள்வார்' என்கின்றன. அந்த வாக்குறுதியை நம்பித்தான் பொதுப்பணம் செலவாகிறது. பள்ளிகள் பாட நேரத்தை ஒதுக்கிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்புகின்றன.

விலங்குத் தோட்டங்களில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. காட்டில் திரிய வேண்டிய விலங்கை அடைத்து வைத்திருப்பதற்குச் சொல்லப்படும் முக்கிய நியாயங்களில் ஒன்று, அதைப் பார்ப்பவர்கள் அதன் இனத்தைக் காக்க முன்வருவார்கள் என்பது. பார்த்தவர்கள் உண்மையில் எதுவும் செய்யவில்லை என்றால் அந்த நியாயம் ஆட்டம் காணும். அதனால் 'எங்கள் வருகையாளர்கள் மகிழ்ச்சியுடன் திரும்பினார்கள்' என்ற ஒற்றை வரியோடு விட்டுவிட முடியாது.

கடிகாரத்துடன் பின்தொடர்ந்தவர்கள்

வருகையாளரை முதலில் கூர்ந்து கவனித்தவர்களுள் ஒருவர், பாஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன். காட்சிப் பெட்டிகளில் இருப்பதைப் பார்க்க மனிதர் எப்படியெல்லாம் குனிகிறார், வளைகிறார், மண்டியிடுகிறார் என்று அவர் படமெடுத்தார். 1916ஆம் ஆண்டு 'அரும்பொருளகக் களைப்பு' என்ற தலைப்பில் கட்டுரை வெளியிட்டார். பார்ப்பவருக்கு ஆர்வம் இல்லை என்று குறைசொல்வதற்கு முன்னால், அவருடைய முதுகு வலிக்கிறதா என்று பாருங்கள் என்பதே அதன் சாரம்.

1920களில் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் ராபின்சனின் குழு கடிகாரத்துடன் வருகையாளர்களைப் பின்தொடர்ந்தது. யார் எந்தப் படத்தின் முன் எத்தனை விநாடி நின்றார் என்று குறித்துக்கொண்டது. ராபின்சனுக்குப் பிறகு ஆர்தர் மெல்டன், கூடத்துக்குள் நுழைபவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கமே திரும்புகிறார்கள் என்பதைக் காட்டினார். இடப்பக்கச் சுவரில் மாட்டிய படம் எவ்வளவு சிறப்பானதாக இருந்தாலும் குறைவான கண்களே அதன்மீது படும்.

இப்போதும் இந்த முறை வழக்கில் இருக்கிறது. பெவர்லி செரல் என்ற ஆய்வாளர் நூற்றுக்கும் மேற்பட்ட கண்காட்சிகளிலிருந்து இத்தகைய குறிப்புகளைத் திரட்டி 1998ல் நூலாக வெளியிட்டார். கண்காட்சி எதைப் பற்றியதாக இருந்தாலும் பெரும்பாலோர் 20 நிமிடங்களுக்குள் வெளியே வந்துவிடுகிறார்கள் என்று தெரிந்தது. பாதிக்கு மேற்பட்ட காட்சிகளின் முன் நின்று பார்ப்பவர்கள் சிறுபான்மையினரே.

கண்காட்சி அமைப்பவர்களுக்கு இது கசப்பான உண்மை. மனத்தை மாற்றும் என்று நம்பி எழுதிய பலகையைப் பலர் படிக்கவே இல்லை என்றால், மற்ற கேள்விகளுக்கு இடமே இல்லை. ஆனால் நின்று பார்த்தார் என்பதாலேயே மனம் மாறினார் என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கு வேறு அளவுகோல் வேண்டும்.

அறிவது, உணர்வது, எண்ணுவது, செய்வது

திமிங்கிலத்தின் முன் நிற்பவருக்குள் நான்கு வெவ்வேறு மாற்றங்கள் நிகழலாம். கடலில் பிளாஸ்டிக் எப்படிச் சேர்கிறது என்று அவர் புதிதாக அறியலாம். அதைப் பற்றி அக்கறையோ வருத்தமோ அவருக்கு ஏற்படலாம். இனி மாறவேண்டும் என்று அவர் எண்ணலாம். கடைசியாக, அவர் உண்மையிலேயே மாறலாம்.

முதல் மூன்றும் நடந்துவிட்டால் நான்காவது தானாக நடக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். புகைப்பது கெடுதல் என்று அறிந்து, வருந்தி, விட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே புகைப்பவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், முதல் மூன்றையும் கேள்வித்தாளால் எளிதாக அளந்துவிடலாம். நான்காவதை அளக்க வருகையாளரின் வீட்டுக்கே போக வேண்டியிருக்கும். அதனால் பல ஆய்வுகள் மூன்றாவதோடு நின்றுவிடுகின்றன.

கேள்வித்தாளிலும் கண்ணி இருக்கிறது. திமிங்கில அரங்கை விட்டு வெளியே வரும் ஒருவரிடம், அரும்பொருளகத்தின் அடையாள அட்டை அணிந்தவர் "கடலைக் காப்பது முக்கியமா?" என்று கேட்டால், எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்பது சொல்லாமலே தெரியும். நம்மில் பெரும்பாலோர் அந்தப் பதிலையே சொல்வோம். அது பொய் சொல்வது ஆகாது. பிறர் முன் நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற இயல்பான ஆசைதான். ஆனால் அந்த ஆசையும் கண்காட்சியின் பலனும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடுவதால், எது எவ்வளவு என்று பிரித்தறிய முடிவதில்லை.

இன்னொன்று, அரும்பொருளகத்துக்கு வருபவர்கள் யார் என்பது. இயற்கை மீது ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்தான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு அதிகம் போகிறார்கள். உள்ளே நுழையும்போதே பத்துக்கு ஒன்பது மதிப்பெண் எடுத்தவரிடம் முன்னேற்றத்தைக் காண்பது கடினம்.

பால்டிமோர் தந்த பாடம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள தேசிய மீன்காட்சியகத்தில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. லெஸ்லி ஏடல்மன், ஜான் ஃபால்க் முதலானோர் அதை நடத்தினர். வருகையாளர்களிடம் உள்ளே நுழையும்போது ஒரு முறையும் வெளியே வரும்போது ஒரு முறையும் பேசியதோடு அவர்கள் நிறுத்தவில்லை. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மீண்டும் தொடர்புகொண்டார்கள்.

வெளியே வந்த நேரத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது. அறிவு கூடியிருந்தது, அக்கறை கூடியிருந்தது, உற்சாகம் பொங்கியது. இரண்டு மாதம் கழித்து, கற்றுக்கொண்டது பெரும்பாலும் நிலைத்திருந்தது. ஆனால் அந்த உற்சாகமும் உணர்ச்சிப் பிணைப்பும் பொதுவாகப் பழைய நிலைக்கே இறங்கியிருந்தன. புதிதாக ஏதேனும் செய்யத் தொடங்கியவர்கள் அரிதாகவே இருந்தார்கள்.

புளோரிடாவில் உள்ள டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் செய்யப்பட்டு 2004ல் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதையே கண்டது. இயற்கைப் பாதுகாப்பு அரங்கைப் பார்த்தவர்களின் எண்ணம் உடனடியாக உயர்ந்தது. இரண்டு மூன்று மாதங்களில் அந்த உயர்வு தேய்ந்துவிட்டது.

வாசலிலேயே ஆய்வை முடித்திருந்தால் இரண்டு இடங்களும் வெற்றி என்று அறிவித்திருக்கலாம். மீண்டும் தொடர்புகொண்டு கேட்டதால்தான் உண்மை தெரிந்தது. தங்களுக்குச் சாதகமில்லாத முடிவையும் மறைக்காமல் வெளியிட்டதற்காக அந்த ஆய்வாளர்களையும் அமைப்புகளையும் பாராட்ட வேண்டும்.

ஒரு பெரிய சர்ச்சை

2007ல் அமெரிக்க விலங்குத் தோட்டங்கள், மீன்காட்சியகங்கள் சங்கம் ஒரு பெரிய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டது. 12 இடங்கள், 5,500க்கும் மேற்பட்ட வருகையாளர்கள், மூன்று ஆண்டுகள். விலங்குத் தோட்டத்துக்குச் செல்வது பாதுகாப்பு பற்றிய மனப்பான்மையை வலுப்படுத்துகிறது என்பது அதன் முடிவு. செய்தித்தாள்களில் நன்றாக இடம்பிடித்தது.

2010ல் லோரி மரினோ, ஸ்காட் லிலியன்ஃபெல்ட் உள்ளிட்ட ஐவர் அந்த ஆய்வை வரிக்கு வரி ஆராய்ந்து மறுப்பு எழுதினார்கள். ஃபால்க் குழுவினர் பதில் எழுதினார்கள். யார் வென்றார் என்பதைவிட, என்னென்ன குறைகள் சுட்டப்பட்டன என்பதுதான் நமக்குப் பயன்படும். அவற்றில் இரண்டை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நினைவைக் கேட்பது. வெளியே வரும் ஒருவரிடம், 'உள்ளே போவதற்கு முன் நீங்கள் எப்படி நினைத்தீர்கள், இப்போது எப்படி நினைக்கிறீர்கள்?' என்று ஒரே நேரத்தில் கேட்டால், அவர் தம் பழைய மனநிலையை நினைவிலிருந்து தோண்டியெடுக்க வேண்டும். நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்து, அரை நாள் செலவழித்தவருக்கு, எதுவும் மாறவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. பழைய தம்மைச் சற்றுத் தாழ்த்திச் சொல்லிவிடுவார்.

இரண்டாவது, ஒப்பிட ஆளில்லாதது. நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒருமுறை பயன்படுத்தும் பை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 5 காசு வசூலிக்கப்படுகிறது. அந்த ஆண்டு மே மாதம் ஜூபி லீயைப் பார்த்த ஆயிரம் பேரை, செப்டம்பரில் அழைத்துக் கேட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பலர் துணிப்பைக்கு மாறியிருப்பார்கள். அந்தப் பெருமை திமிங்கிலத்துக்கா, 5 காசுக்கா? திமிங்கிலத்தைப் பார்க்காத இன்னோர் ஆயிரம் பேரையும் கேட்டால்தான் சொல்ல முடியும்.

பதில் சொல்லாதவர்களாலும் கணக்கு புரண்டுபோகும். கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு பேர் உள்ளே வருகிறார்கள். அவர்களில் 60 பேர் ஏற்கெனவே துணிப்பை பயன்படுத்துபவர்கள். இரண்டு மாதம் கழித்து நூறு பேருக்கும் மின்னஞ்சல் அனுப்புகிறோம். 30 பேர் மட்டும் பதில் அனுப்புகிறார்கள். அவர்களில் 24 பேர் துணிப்பை பயன்படுத்துவதாகச் சொல்கிறார்கள். 30ல் 24 என்றால் 80 விழுக்காடு. 60லிருந்து 80க்கு உயர்ந்துவிட்டது என்று தலைப்புச் செய்தியே போட்டுவிடலாம். ஆனால் மௌனமாக இருந்த 70 பேர்? அவர்களில் ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லை என்றால் உண்மையான அளவு 24 விழுக்காடு. எல்லாரும் பயன்படுத்தினால் 94 விழுக்காடு. நமக்கு உண்மையில் தெரிந்தது, விடை 24க்கும் 94க்கும் இடையே எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே. அக்கறை உள்ளவர்கள்தான் இத்தகைய மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

குலுக்கல் தந்த விடை

இந்தக் குறைகளை எல்லாம் ஒரே வீச்சில் தாண்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் என்ற சிறு நகரில் 2011 நவம்பரில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அரும்பொருளகம் திறக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் அதற்கு முன் அப்படி ஒன்று இருந்ததில்லை. பள்ளி மாணவர்களுக்கு இலவசச் சுற்றுலா என்றதும் விண்ணப்பங்கள் குவிந்தன. எல்லாரையும் ஒரே பருவத்தில் அழைக்க இடமில்லை.

ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் ஜே கிரீனும் சக ஆய்வாளர்களும் இதை ஒரு வாய்ப்பாகக் கண்டார்கள். ஒத்த தன்மையுள்ள விண்ணப்பக் குழுக்களை இணைத்துக் குலுக்கல் நடத்தினார்கள். குலுக்கலில் வந்தவர்கள் முதலில் போவார்கள், மற்றவர்கள் பின்னர் போவார்கள். யாரும் எதையும் இழக்கவில்லை. ஆனால் சில மாதங்களுக்கு, போனவர்கள், இன்னும் போகாதவர்கள் என்று இரண்டு குழுக்கள் கிடைத்தன. ஆர்வம், வசதி, பள்ளியின் தரம் எல்லாம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. அதனால் பின்னால் தெரியும் வேறுபாட்டைச் சுற்றுலாவின் விளைவு என்று நம்பலாம். 123 பள்ளிகளைச் சேர்ந்த 10,912 மாணவர்கள் ஆய்வில் இடம்பெற்றார்கள்.

சுற்றுலா ஒரு மணி நேரம்தான். ஐந்து ஓவியங்கள் அளவுக்குப் பார்த்துப் பேசினார்கள். சராசரியாக மூன்று வாரம் கழித்து, அவரவர் பள்ளியிலேயே கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. அரும்பொருளக வாசலும் இல்லை, அடையாள அட்டை அணிந்தவரும் இல்லை. பிள்ளைகள் பார்த்ததை வியப்பூட்டும் அளவுக்கு நினைவில் வைத்திருந்தார்கள். மேப்பிள் மரப்பாகு காய்ச்சும் முகாமைக் காட்டும் ஓர் ஓவியத்தைப் பார்த்தவர்களில் 88 விழுக்காட்டினர், அடிமை உழைப்பால் விளைந்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக, அடிமை முறையை எதிர்த்தவர்கள் அந்தப் பாகை ஆதரித்த வரலாற்றைச் சொன்னார்கள்.

மனப்பான்மை மாறியதா? நாட்டைக் குறைகூறும் கலைஞர்களின் படைப்புகளை அரும்பொருளகத்தில் வைக்க அனுமதிக்கக்கூடாது என்பதற்கு, போகாதவர்களில் 35 விழுக்காட்டினரும் போனவர்களில் 32 விழுக்காட்டினரும் உடன்பட்டார்கள். மூன்று விழுக்காட்டுப் புள்ளிகள்தானா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு மணி நேரச் சுற்றுலா என்பதை நினைத்துப் பார்த்தால் அது நம்பக்கூடிய அளவு. ஒரு கண்காட்சி 'வாழ்க்கையையே புரட்டிப்போட்டது' என்று எவராவது சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. இரு குழு மாணவர்களுக்கும் குடும்பத்தோடு அரும்பொருளகத்துக்கு வருவதற்கான சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். எந்தக் குழுவுக்குக் கொடுத்த சீட்டு என்பதற்கு அதில் குறியீடு இருந்தது. பிறகு வாசலில் சேர்ந்த சீட்டுகளை எண்ணினார்கள். ஏற்கெனவே சுற்றுலா போனவர்கள், போகாதவர்களைவிட 18 விழுக்காடு அதிகமாகக் குடும்பத்தோடு திரும்பி வந்தார்கள். 'மீண்டும் வருவீர்களா?' என்று யாரையும் கேட்கவில்லை. வந்ததை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

கிராமப்புறப் பிள்ளைகளிடமும் வசதி குறைந்த பிள்ளைகளிடமும் விளைவுகள் பெரிதாக இருந்தன. தாமாக அரும்பொருளகத்துக்குப் போக வாய்ப்பில்லாதவர்களைப் பள்ளி அழைத்துப் போகும்போதுதான் பலன் அதிகம் என்பதை இது காட்டுகிறது.

நல்ல நோக்கமும் கெடுக்கலாம்

அளக்காவிட்டால் பலன் இல்லை என்பது தெரியாமல் போகும். சில நேரங்களில் தீங்கு நடப்பதும் தெரியாமல் போகும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்மரக் காடு தேசியப் பூங்கா உள்ளது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கல்லாக மாறிய மரத்துண்டுகள் அங்கே சிதறிக் கிடக்கின்றன. வருகையாளர்கள் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போவது பூங்காவுக்குத் தீராத தலைவலி. உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு, அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையோரம் வைத்து, இருவகை அறிவிப்புப் பலகைகளைச் சோதித்தது. ஒன்று, எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னது. மற்றொன்று, இதுவரை வந்த பலர் எடுத்துச் சென்றதால் காடு மாறிவிட்டது என்று வருத்தத்தோடு சொன்னது.

முதல் பலகை இருந்தபோது 1.67 விழுக்காட்டுத் துண்டுகள் காணாமற்போயின. இரண்டாவது பலகை இருந்தபோது 7.92 விழுக்காடு! 'பலர் செய்கிறார்கள்' என்ற வருத்தம், 'எல்லாரும்தானே செய்கிறார்கள்' என்ற அனுமதியாக மனத்தில் பதிந்துவிட்டது.

கண்காட்சிகளில் இந்த இரண்டாவது வகை வாசகம் எவ்வளவு சாதாரணமாகக் காணப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை கோடிப் பைகள், இத்தனை டன் குப்பை, எல்லாரும் வீசுகிறோம் என்று சுவர் முழுக்க எழுதி வைக்கிறோம். பார்ப்பவர் திருந்துவாரா, 'நான் ஒருவன் மாறி என்ன ஆகப்போகிறது' என்று கைவிடுவாரா? கேள்வித்தாள் இதைக் காட்டிக்கொடுக்காது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டுக்குக் கூடவே வரும் கண்காட்சி

அப்படியென்றால் எது பலன் தருகிறது? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் மோன் ரெப்போஸ் என்ற கடற்கரை இருக்கிறது. பெருந்தலைக் கடலாமைகள் அங்கே முட்டையிடும். குஞ்சுகள் மணலிலிருந்து வெளிவந்து கடலுக்கு ஓடுவதை இரவில் பார்க்கக் குடும்பங்கள் வருகின்றன. கேரன் ஹியூஸ், ஜான் பேக்கர், ராய் பேலன்டைன் மூவரும் 2011ல் வெளியிட்ட ஆய்வில், சில குடும்பங்களுக்கு மட்டும் வீடு திரும்பிய பிறகும் செய்முறைக் குறிப்புகளும் நினைவூட்டல்களும் கிடைக்கும்படி செய்தார்கள். கடற்கரையில் கண்ட காட்சி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் பிறகும் துணை கிடைத்த குடும்பங்களே பழக்கத்தை மாற்றிக்கொள்வதில் முன்னே நின்றன.

பால்டிமோரில் தேய்ந்துபோன உற்சாகத்தை இங்கே பிடித்து வைக்க முடிந்தது. கண்காட்சி ஏற்றி வைப்பது தீக்குச்சி என்றால், அது அணைவதற்குள் பற்றவைக்க வீட்டில் விளக்கு தயாராக இருக்க வேண்டும்.

செய்யச் சொல்வது தெளிவாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு பாடம். மெல்பர்ன் விலங்குத் தோட்டம் 2009ல் தொடங்கிய இயக்கம் ஒன்றில், ஓராங் ஊத்தான்களைப் பார்க்க வந்தவர்களிடம் 'காட்டைக் காப்பாற்றுங்கள்' என்று பொதுப்படையாகச் சொல்லவில்லை. உணவுப் பொட்டலங்களில் செம்பனை எண்ணெய் இருப்பதைத் தெளிவாக அச்சிட வேண்டும் என்ற கோரிக்கையில் அங்கேயே கையெழுத்திடச் சொன்னார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். எண்ணக்கூடிய செயல் அது.

செம்பனை நம் வட்டாரத்தின் பயிர். மலேசியாவில் நம்மவர் பலரின் வாழ்க்கை அந்தத் தோட்டங்களோடு பின்னிக்கிடக்கிறது. அதனால் இந்த எடுத்துக்காட்டு நமக்கு இன்னொன்றையும் உணர்த்தும். நடத்தையை மாற்றுவதற்கு முன், எந்த நடத்தை உண்மையில் உதவும் என்றும் கேட்க வேண்டும். ஒரு ஹெக்டர் நிலத்தில் செம்பனை தரும் எண்ணெய், சோயா தருவதைவிடப் பல மடங்கு அதிகம். செம்பனையை அடியோடு புறக்கணித்தால், அதே எண்ணெய்க்கு வேறெங்கோ கூடுதல் காடு அழியக்கூடும். தவறான திசையில் ஏற்பட்ட மாற்றத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தும் பயனில்லை.

ஜூபி லீயிடம் திரும்புவோம்

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, நம் திமிங்கிலத்தின் தாக்கத்தை நீங்களே எப்படி அளப்பீர்கள்? ஒரு வழி இதோ. ஒரே பள்ளியின் எட்டு வகுப்புகளில் குலுக்கல் போட்டு நான்கை இந்தப் பருவத்தில் அனுப்புங்கள். மற்ற நான்கு அடுத்த பருவத்தில் போகட்டும். பிள்ளைகளிடம் எதுவும் கேட்காதீர்கள். போவதற்கு முன் இரண்டு வாரம், போய் வந்த பின் இரண்டு மாதம், எட்டு வகுப்புகளின் குப்பைத் தொட்டிகளிலும் விழும் பிளாஸ்டிக் கரண்டிகளையும் குவளைகளையும் தினமும் எண்ணுங்கள். ஒரே பள்ளியில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்பதால், முடிந்தால் பல பள்ளிகளைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பொறுமை மட்டும் வேண்டும்.

பெற்றோராகவும் ஆசிரியராகவும் நாம் செய்யக்கூடியது இன்னும் எளிது. அரும்பொருளகத்துக்குப் போகும் முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும், 'இனி நல்லா இருக்கணும்' என்ற பொதுவான உறுதிமொழியோடு விடாமல், ஒரே ஒரு செயலைச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். உணவங்காடி நிலையத்துக்குப் பொட்டலம் வாங்கப் போகும்போது வீட்டிலிருந்து பாத்திரம் எடுத்துப் போவது என்று வைத்துக்கொள்ளலாம். நாட்காட்டியில் இரண்டு மாதம் தள்ளி ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

அந்தத் தேதி வரும்போது பாத்திரம் இன்னும் உங்கள் கைப்பையோடு போய்வந்து கொண்டிருந்தால், மகிழ்ச்சி. அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டிருந்தால், அதற்காக வெட்கப்பட வேண்டாம். பால்டிமோரிலும் அதுதான் நடந்தது. மகளை அழைத்துக்கொண்டு இன்னொரு சனிக்கிழமை கென்ட் ரிட்ஜுக்குப் போய் வாருங்கள்.